எழுத்துருவும் வண்ணமும்: காவிரிப் படுகையில் வரைகலையின் அடிப்படைக் கல்வி

திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம் பூதலூர் வட்டத்தில், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடத்தை ஒட்டிய பேரூர். எழுத்தின் வடிவமும் வண்ணத்தின் பயனும் இந்தப் படுகையில் எப்படிக் கற்கப்பட்டன, எப்படிக் கைமாறின என்பதே இக்கட்டுரையின் பொருள். வரைகலை ஒரு பாடமாகக் கல்லூரிக்கு வந்தது அண்மையில்தான். ஆனால் எழுத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விடுவது, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் எடுபடும் என்ற கேள்விகள் பழையவை. கல்தச்சர், ஏடெழுதுவோர், அச்சுக்கோப்போர், நெசவாளர், போர்டு எழுதும் பெயிண்டர் எனப் பலரும் தத்தம் கைப்பொருளோடு மல்லுக்கட்டி அவற்றுக்கு விடை கண்டார்கள். இன்று கணினியில் நூறு எழுத்துருக்களும் லட்சக்கணக்கான நிறங்களும் கேட்காமலே கிடைக்கின்றன. ஒரு வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்ற காரணம் மட்டும் கூடவே வருவதில்லை. அடிப்படை கற்பவருக்கு வேண்டியது அந்தக் காரணமே.

கல்லும் ஓலையும்

திருக்காட்டுப்பள்ளித் தீயாடியப்பர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. ஆனால் எழுத்தமைப்பைப் பார்த்துப் பழக விரும்புவோர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போவதே நல்லது. 1010இல் நிறைவுற்ற அக்கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் வரிகளில் எழுத்தின் உயரமும் வரி இடைவெளியும் சீராக இருக்கின்றன. உளி வெட்டிய பள்ளத்தில் விழும் நிழலே அங்கே எழுத்தை வாசிக்க வைக்கிறது. காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் விழும்போது தெளிவாகத் தெரியும் வரி உச்சிவேளையில் தட்டையாகிவிடும். எழுத்தும் பின்னணியும் வேறுபட்டால்தான் வாசிப்பு என்ற பாடம் அந்தச் சுவரிலேயே கிடைக்கிறது.

ஓலையின் நிபந்தனைகள் வேறு. நார் நீளவாட்டில் ஓடுவதால் எழுத்தாணியால் நெடிய கிடைக்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அழுத்திப் புள்ளி வைத்தால் துளை விழும். அதனால் வளைவுகள் பெருகின, புள்ளி அருகியது. மெய்க்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் சுவடிகளில் அது பெரும்பாலும் இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, பத்தியும் இல்லை. பிரித்து வாசிக்கும் வேலை முழுவதும் வாசிப்பவர் தலையில் விழுந்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் ஏடு ஒன்றைப் பார்த்துவிட்டு அச்சுப் பக்கம் ஒன்றைப் பார்த்தால், இடைவெளியும் எழுத்தமைப்பில் ஓர் உறுப்பு என்பது தானே விளங்கும்.

பூண்டியும் ஏலாக்குறிச்சியும்

திருக்காட்டுப்பள்ளியை அடுத்த பூண்டி மாதா கோயில் வீரமாமுனிவரால் கட்டப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியும் அவரோடு தொடர்புடைய ஊர். இத்தாலியரான கான்ஸ்டன்டைன் பெஸ்கி (1680–1747) என்னும் இவர் தேம்பாவணியால் அறியப்பட்டவர். எழுத்து வரலாற்றில் இவருக்குள்ள இடம் எகர, ஒகரங்களால் வந்தது. குறில் எகர, ஒகரங்களைக் காட்டிய புள்ளி வழக்கிழந்தபின் குறிலும் நெடிலும் ஒரே வடிவமாக நின்றன. எகரத்துக்குக் கீழே ஒரு கால் இழுத்து ஏகாரமாக்கியதும், ஒகரத்தைச் சுழித்து ஓகாரமாக்கியதும், கொம்பை இரட்டைக் கொம்பாக்கியதும் இவர் பெயரால் வழங்குகின்றன. பழைய வடிவத்தைக் கலைக்காமல் மிகச் சிறிய மாற்றத்தால் குழப்பம் தீர்ந்தது. வடிவமைப்பு மாணவர்கள் வெளிநாட்டு இலச்சினைகளைப் பார்த்து வியப்பதற்கு முன் இந்த ஒரு கோட்டைப் பார்க்கலாம்.

பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. கத்தோலிக்க இயேசு சபையாரின் நூலை அச்சிட்டது அவரோடு ஓயாது வாதிட்ட லூத்தரன்களின் அச்சகம்.

தரங்கம்பாடி: அளவு என்னும் பாடம்

தமிழ் எழுத்து ஈயத்தில் முதலில் வார்க்கப்பட்டது படுகையில் அன்று. 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்க நூல். படுகைக்கு அச்சு வர மேலும் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1706இல் தரங்கம்பாடி வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்குவின் திருச்சபைக்கு 1712இல் லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே கொள்ளும். காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய சரக்கு. புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் அச்சிட்டிருந்தால் இருப்பிலிருந்த காகிதம் பாதியிலேயே தீர்ந்திருக்கும்.

ஆட்லர் என்னும் ஜெர்மானியர் சிறிய எழுத்துகளை இங்கேயே வெட்டி வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கியே அவை வார்க்கப்பட்டதாகச் சொல்வதுண்டு. புதிய ஏற்பாடு 1715இல் நிறைவேறியது. பொறையாற்றில் எழுத்து வார்ப்பகமும் காகித ஆலையும் எழுந்தன. எழுத்தின் அளவை ரசனை மட்டும் முடிவு செய்வதில்லை; காகிதத்தின் விலையும் வாசிப்பவரின் கண்ணும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

உள்நாட்டவர் அச்சகம் நடத்தத் தடையின்றிப் போனது 1835க்குப் பிறகு. அதற்கு முன்பே தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் தேவநாகரி எழுத்து அச்சகம் வைத்து மராத்தி, சமஸ்கிருத நூல்களை அச்சிட்டார். பின்னர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஓலையில் ஒரே ஓட்டமாகக் கிடந்ததை மூலம், உரை, அடிக்குறிப்பு என்று பக்கத்தில் பிரித்து நிறுத்த வேண்டியிருந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற ஆங்கில வசதி கிடையாது. ஆகவே எது தலைப்பு, எது உரை என்பதை அளவும் தடிமனும் இடைவெளியும்தான் காட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத அச்சுக்கோப்பாளர்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் தம் சொந்த லாலி அச்சகத்தில் வெளியிட்ட கருணாமிர்த சாகரம், இசைக் கணக்குகளின் அட்டவணைகள் நிறைந்த பெருநூல். உள்ளூர் அச்சுக்கோப்பு எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பதின்மூன்று எழுத்துகள்

கையால் கோத்த காலத்தில் தமிழ் எழுத்துப் பெட்டி பெரிது. சில உயிர்மெய்களுக்குத் தனி வார்ப்பு தேவைப்பட்டது: யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய ணை, லை, ளை, னை, சுழித்து எழுதிய ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகாரங்கள். மொத்தம் 13. இவற்றைக் கைவிட்டு வழக்கமான துணைக்காலும் ஐகாரக் குறியும் சேர்த்து எழுதும் முறையைப் பெரியார் 1935இல் குடியரசு இதழில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தமிழக அரசு 1978இல் அதை ஆணையாக்கியது. இன்று கல்யாணப் பத்திரிகையை வடிவமைக்கும் இளைஞர் பலருக்கு, தம் தாத்தாவின் பத்திரிகையில் இருக்கும் னை புரியாது.

உகர, ஊகார வரிசை அப்படியே நின்றுவிட்டது. கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கொக்கி போடும். அவற்றையும் பிரித்து எழுதலாம் என்று வா.செ.குழந்தைசாமி வாதிட்டார், மக்கள் ஏற்கவில்லை. எழுத்துப் பெட்டியின் நெருக்கடியே இல்லாத கணினிக் காலத்தில் அந்த வாதத்தின் பாதி வலிமை போய்விட்டது. எழுத்துரு வடிவமைப்பாளரின் திறமையை அளக்க இன்றும் நான் முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான். தடித்த எழுத்தில் ணூ, றூ ஆகியவற்றின் உள்வெளி அடைபடாமல் இருந்தால் கை தேர்ந்தவர் என்று நம்பலாம்.

சுண்ணாம்பு, தங்கம், பட்டு

வண்ணக் கல்வி தனிப் பாதையில் வந்தது. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் செங்காவி, மஞ்சட்காவி, சுண்ண வெள்ளை, கரி, பச்சை மண் போன்ற நிறங்கள் ஆள்கின்றன. ஈரச் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை இத்தகைய மண் நிறங்களே. செடிகொடிச் சாயங்கள் அதில் வெளுத்துவிடும். அளவான நிறத்தொகுதி ஓவியத்துக்கு ஒருமை தரும் என்று இன்று வகுப்பில் சொல்கிறார்கள். அங்கே அந்த ஒருமையைத் தந்தது சுண்ணாம்பு.

மராட்டியர் காலத்தில் வளர்ந்த தஞ்சாவூர் ஓவியம் நேர்மாறானது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையால் புடைப்பு எழுப்பி, தங்கத்தாள் பதிப்பார்கள். பின்னணி அழுத்தமான சிவப்பு, பச்சை, நீலம். தங்கம் நிறமாக அல்ல, ஒளியாக வேலை செய்கிறது. விளக்கு அசைந்தால் அதுவும் அசையும். அதே படத்தை நான்கு வண்ண ஆஃப்செட்டில் அச்சிட்டால் தங்கம் கடுகு மஞ்சளாகிச் செத்துவிடும். கையிலிருக்கும் மைகளால் எதைச் செய்ய முடியாது என்று தெரிந்துகொள்வதும் வண்ணக் கல்விதான்.

கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் தறிகளில் இன்னொரு பாடம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பச்சையும் நீலமும் இழையிழையாகக் கலந்து, மடிப்புக்கு மடிப்பு மாறும் மயில் கழுத்து நிறம் ஆகிறது. சாயத்தைக் குழைக்காமல் கண்ணிலேயே கலக்கும் முறை இது. பாரிஸ் கோபலின் திரைச்சீலை ஆலையின் சாயப்பிரிவுத் தலைவர் செவ்ரூல், ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரிவதை 1839இல் நூலாக எழுதினார். கறுப்பு இழை மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, அதையடுத்த நிறத்தில் என்று கண்டார். உடலுக்கும் கரைக்கும் எதிர்நிறம் தேர்ந்த நெசவாளர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திராது. அமெரிக்கரான மன்செல் 1905இல் நிறத்தைச் சாயல், வெளிர்மை, செறிவு என மூன்றாகப் பிரித்தது மாணவர்களுக்கு இன்னும் பயனுள்ள அளவுகோல். சிவப்பின் மேல் பச்சை எழுத்து கண்ணைக் கூசச் செய்வது ஏன் என்று அது சொல்லும்: சாயல் வேறு, வெளிர்மை ஏறக்குறைய ஒன்று.

போர்டும் சுவரும்

எழுத்தும் வண்ணமும் ஒரே கையில் சேர்ந்தது பெயிண்டரிடம். பெயருக்குப் பின் ‘ஆர்ட்ஸ்’ என்று போட்டுக்கொண்டு, கடைவீதியில் எனாமல் டப்பாவும் தட்டைத் தூரிகையுமாக வேலை செய்தவர்கள். கூட எடுபிடியாகச் சேர்ந்த பையன் முதலில் கற்பது பின்னணி அடிக்க, பிறகு சுண்ணாம்பு நூலைத் தட்டி வரி போட, எழுத்து கடைசியில்தான். ‘ஸ்ரீ’யும் ‘ணை’யும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று மனக்கணக்குப் போட்டு நடுவிலிருந்து பிரிப்பார்கள். ஓடும் பேருந்திலிருந்து படிக்க வேண்டும் என்பதால் எழுத்துக்கு வெள்ளைக் கரை கட்டி, ஒரு பக்கம் நிழல் விடுவார்கள்.

தேர்தல் வந்தால் சுவர் எழுத்து. 1949இல் தி.மு.க.வின் கறுப்பு சிவப்பும், 1972இல் அ.தி.மு.க.வின் கறுப்பு வெள்ளை சிவப்பும், அதற்கு முன்பே கீழத்தஞ்சையில் வேர்விட்ட செங்கொடியும் நிறத்தையே பெயராக்கின. எழுத்தறியாதவரும் சுவரைப் படித்தார். வீட்டுப் பத்திரிகைகளுக்கும் இதேபோல் கட்டுப்பாடு உண்டு. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவ வேண்டும், கறுப்பு மை கூடாது. கருமாதிப் பத்திரிகைக்குக் கறுப்பு மட்டுமே. எந்தப் பாடநூலும் இல்லாமல் எல்லா அச்சகத்தாருக்கும் இது தெரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்ததும் பெயிண்டர்களின் பிழைப்பு சுருங்கியது. ஒரே இரவில் பேனர் கிடைத்தது. வரிக்கு நடுவே மூச்சுவிட இடம் மட்டும் போயிற்று.

பள்ளியும் திரையும்

முறையான கலைக்கல்வி அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியிலிருந்து வருகிறது. படுகையில் அந்த இடம் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு. பள்ளி ஓவிய ஆசிரியர் ஆக விரும்பியவர்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் கிரேடு ஓவியத் தாள்களை எழுதினார்கள். கைவரைவும் வடிவியலும் அங்கே கட்டாயம். எழுத்தமைப்புக்குக் கிடைத்த இடம் சொற்பம்.

தொண்ணூறுகளின் டிடிபி மையங்களில் கற்பித்தது பேஜ்மேக்கரும் கோரல் டிராவும். பாமினி எழுத்துருவில் அடித்தது வானவில் எழுத்துருவில் கிறுக்கலாகும். குறியாக்கச் சண்டையில் பத்தாண்டு போயிற்று. வடிவத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும் அச்சகங்கள் அதற்கு மாற வெகுகாலமாயிற்று. பிறகு நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே வந்தன: பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார், ஏக் டைப் குழுவின் முக்த மலர். தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும் என்பதை அவற்றோடு வேலை செய்யும்போதே உணரலாம்.

இப்போது ஒரே கல்யாணப் பத்திரிகைக்குக் குறைந்தது இரண்டு கோப்புகள் தேவை. வாட்ஸ்அப்புக்குப் போவது சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆனது. நாற்றங்கால் பச்சை அதில் பளிச்சென்று வரும். ஆஃப்செட்டுக்குப் போவது நான்கு மைகளால் ஆனது; அதே பச்சை மங்கும், மங்கும் என்று தெரிந்தே நிறம் தேர வேண்டும். பெயர்களுக்குத் தங்க ஃபாயில் பதிப்பதானால் மூன்றாவது கோப்பு. அதில் தங்கமாக வர வேண்டியதெல்லாம் முழுக் கறுப்பில் இருக்கும். எழுத்து சிறிதானால் ஃபாயில் பரவி மெய்ப்புள்ளியும் சுழியும் அடைபடும் என்பதால் அச்சகத்தார் தடித்த, பெரிய எழுத்தையே கேட்பார்கள்.