ஆண்டெனா வழியே நுழைந்த ஆட்டம்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வெளியிலிருந்து படம் நுழைய ஒரே வழிதான் இருந்தது: பின்புறத்தில் ஆண்டெனா ஒயரைப் பூட்டும் இரண்டு திருகுகள். ஒளிபரப்பு நிலையம் அனுப்புவதை வாங்கிக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி அது. வேறு எதையும் அதில் செருக இடமில்லை. ஆகவே முதல் தலைமுறை வீடியோ கேம் கன்சோல்கள் தம்மை ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாகவே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

இந்த உபாயம் ரால்ஃப் பேருடையது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரில், ராணுவ மின்னணுக் கருவிகள் செய்துவந்த சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், டிவியில் விளையாடும் யோசனையை 1966 செப்டம்பரில் நான்கு பக்கக் குறிப்பாக எழுதினார். அதிலிருந்து வளர்ந்த மாதிரிக் கருவியை மேக்னவாக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1972இல் ‘ஒடிஸி’ என்ற பெயரில் விற்றது. ஒடிஸியில் ஒலி கிடையாது, வண்ணமும் கிடையாது. வண்ணத்துக்காகத் திரைமேல் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள்கள் இரண்டு அளவுகளில் கூடவே வந்தன. மேக்னவாக்ஸ் டிவியில் மட்டும்தான் ஓடும் என்று வாங்க வந்தவர்கள் பலர் நினைத்ததாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் ஆண்டெனாத் திருகு உள்ள எந்த டிவியும் போதும்.

கன்சோலுக்குள் இருந்த ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு தகரப் பெட்டிதான் வேலையைச் செய்தது. ஆட்டத்தின் படத்தை அது ஒரு வானொலி அலையின்மேல் ஏற்றி, 3ஆம் சேனலுக்குரிய 61.25 மெகாஹெர்ட்ஸிலோ 4ஆம் சேனலுக்குரிய 67.25 மெகாஹெர்ட்ஸிலோ அனுப்பியது. இந்த இரண்டு எண்களுக்குக் காரணம் உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் ஒன்றையொன்று கலைக்கும் என்பதால், அமெரிக்காவில் ஒரே ஊருக்கு 3, 4 இரண்டையும் ஒதுக்குவதில்லை. எந்த ஊரானாலும் இரண்டில் ஒன்று காலியாக இருக்கும். கன்சோலில் இருந்த சிறு ஸ்விட்சை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் சரி. ஜப்பானில் 1983இல் வந்த நின்டென்டோவின் ஃபேமிகாம் கன்சோல் இதே கணக்கில் 1, 2 சேனல்களைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் 1982இன் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினிக்கு 36ஆம் சேனல்.

இணைக்கும் வேலை பொறுமை கேட்பது. டிவிக்குப் பின்னால் போய், திருகுகளைத் தளர்த்தி, தட்டையான ஆண்டெனா ஒயரின் கவட்டை முனைகளைக் கழற்ற வேண்டும். கன்சோலோடு வந்த தீப்பெட்டி அளவு ஸ்விட்ச் பெட்டியில் அவற்றைப் பூட்டி, பெட்டியிலிருந்து வரும் ஒயரை டிவியில் பூட்ட வேண்டும். கன்சோலின் கேபிள் அந்தப் பெட்டியின் இன்னொரு துளையில் செருகப்படும். பெட்டியின் மேல் ஒரு தள்ளு ஸ்விட்ச்: ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் கேம். திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் திரையில் சாய்கோடுகள் ஓடும், படத்துக்குப் பக்கத்தில் நிழல் படம் விழும். 1977இல் வந்த அட்டாரி வி.சி.எஸ். வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் கையால் ஸ்விட்சைத் தள்ளினார்கள். பின்னாளில் நின்டென்டோ தந்த பெட்டி, கன்சோலிலிருந்து கேபிள் வழியே வரும் மின்னழுத்தத்தை உணர்ந்து தானாகவே மாறிக்கொண்டது.

அந்த ஸ்விட்ச் வெறும் வசதிக்காக வைத்ததல்ல. அது இல்லாவிட்டால் கன்சோலின் அலை கூரைமேல் உள்ள ஆண்டெனாவுக்கு ஏறி, பக்கத்து வீட்டு டிவியிலும் பந்து துள்ளும். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இதில் கடுமை காட்டியது. கெடுபிடிக்கு அஞ்சி ஆப்பிள் நிறுவனம் 1977இல் ஆப்பிள் 2 கணினியை மாடுலேட்டர் இல்லாமலே விற்றது. டிவியில் பார்க்க விரும்பியவர்கள் வேறொரு சிறு நிறுவனம் செய்த ‘சூப்பர்மாட்’ என்பதைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் தனித்தனிப் பொருள்கள். மாடுலேட்டருக்கு அனுமதி கிடைக்காத டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 1979இல் தன் 99/4 கணினியோடு திரையையும் சேர்த்தே விற்க வேண்டியதாயிற்று. அதன் விலை எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வழியைத் திறந்துவிட்டது வி.சி.ஆர். வீடியோ கேசட் ஓட்டும் வீடுகள் பெருகியதும் டிவிகளில் படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளை என்று ஏ.வி. துளைகள் வந்தன. படத்தை அலைமேல் ஏற்றி இறக்கும் சுற்று வேலை அற்றுப்போனது. 1985இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டென்டோவின் என்.இ.எஸ். கன்சோலில் ஆர்.எஃப்., ஏ.வி. இரண்டும் இருந்தன. பிரான்ஸ் இன்னும் முன்னே போயிற்று. 1980களின் தொடக்கத்திலேயே அங்கே விற்கும் டிவிகளில் ஸ்கார்ட் என்ற 21 முனை இணைப்பு கட்டாயமானது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனியாகவே டிவிக்குப் போகும்; இதற்கு ஆர்.ஜி.பி. என்று பெயர்.

ஆனால் தெளிவு கூடக்கூட ஆட்டம் அழகாகும் என்று சொல்லிவிட முடியாது. 1991இல் சேகா வெளியிட்ட ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ ஆட்டத்தின் அருவி ஒரு நல்ல உதாரணம். அது உண்மையில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த செங்குத்துக் கோடுகள். மஞ்சள் கேபிளின் மங்கலில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் நீராகின்றன. ஆர்.ஜி.பி.யில் இணைத்தால் அருவி போய்க் கம்பிவேலி தெரிகிறது. ஓவியர்கள் கேபிளின் குறையையும் தூரிகையாகப் பயன்படுத்தியிருந்தார்கள்.

நாட்டுக்கு நாடு ஒளிபரப்பு முறை வேறு என்பது இன்னொரு தலைவலி. அமெரிக்காவும் ஜப்பானும் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையை வரையும் என்.டி.எஸ்.சி. முறையில் இருந்தன. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியும் இந்தியாவும் 50 முறை வரையும் பால் முறையைக் கொண்டிருந்தன. மாற்றி எழுதாமல் கொண்டுவந்த ஆட்டங்கள் ஐரோப்பாவில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. அமெரிக்கக் கன்சோலை அக்கால இந்திய டிவியில் மாட்டினால் படம் உருளும், அல்லது வண்ணம் போய்விடும். 1990களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கேசட் செருகி ஆடிய ‘டிவி கேம்’களில் பல, பால் முறைக்கேற்ப மாற்றிய ஃபேமிகாம் நகல்களே.

அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. 3ஆம் சேனல் அதனால் உடனே செத்துவிடவில்லை. டிவிகளில் அனலாக் டியூனர் இருந்தவரை பழைய கன்சோல்கள் ஓடின. உண்மையான தடை தட்டைத்திரை. ஒளிபரப்புப் படம் ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் ஒருமுறை என்று இரண்டு பாதிகளாக வரும். பழைய கன்சோல்களோ சுமார் 240 வரிகளை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரைந்தன. தட்டைத்திரை டிவிகள் பல இதைப் பாதிப் படம் என்று தவறாக எண்ணி, அடுத்ததோடு கோர்க்கின்றன. ஆட்டத்தில் அடிபட்ட வீரன் விட்டுவிட்டு மின்னுவதற்குப் பதில் சீப்புப் பல்போலக் கிழிகிறான், சில சமயம் மறைந்தே போகிறான். ஃபிரேம்மைஸ்டர், ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் போன்ற மாற்றிகள் இந்தக் கோளாறைச் சரிசெய்து எச்.டி.எம்.ஐ.யில் தருகின்றன.

அவற்றாலும் தீராதது ஒளித்துப்பாக்கி. ‘டக் ஹன்ட்’ ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக்குள் உள்ள ஒளியுணரி அந்தக் கணத்தில் வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். அந்த உணரி தேடுவது, படக்குழாயின் கதிர் நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரிகளை வரையும்போது உண்டாகும் துடிப்பை. தட்டைத்திரையின் ஒளியில் அந்தத் துடிப்பு இல்லை, வெள்ளைக் கட்டமும் தாமதித்தே வருகிறது. கன்சோலிலும் துப்பாக்கியிலும் கைவைக்காமல் ஆட விரும்புபவர்கள் இதற்காகவே பழைய குழாய் டிவி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.