உலை ஏறுமுன் எடுத்த பிடி



கார்த்திகை விளக்கீடு கழிந்து மார்கழி பிறக்கும் தறுவாயிலே கொழும்பு நகரின் கடைத்தெருக்கள் வேறொரு கோலம் கொள்கின்றன. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவிலே சீனியும் பருப்பும் கிழங்கும் மூட்டை மூட்டையாய் இறங்குகின்றன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இல்லத்தரசியர் சாமான் துண்டை எழுதத் தொடங்குகின்றனர். அந்தச் சிறு துண்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றேன்.

கிறிஸ்து பிறப்பு விழாவை நாம் ‘நத்தார்’ என்கின்றோம். 1505ஆம் ஆண்டிலே இத்தீவில் கால்வைத்த போர்த்துக்கேயரின் மொழியிலே பிறப்பு விழாவைக் குறிக்கும் ‘நத்தால்’ என்னும் சொல்லே நம் நாவிலே நத்தார் ஆயிற்று. நத்தார்ப் பலகாரத்திற் சேரும் கஜுவும் அவ்வாறே வந்ததுதான். பிரேசில் நாட்டு மரத்தைக் கீழைத்தேசங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே; பெயரும் அவர்கள் தந்ததே. பின்னர் வந்த ஆங்கிலேயரின் பழக் கேக்கு நம் அடுக்களையிலே புது வடிவம் பெற்றது. கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை புகுந்தது. பூசணித் தோசியும் இஞ்சிப்பாகும் பன்னீரும் உடன் சேர்ந்தன. பழங்களை நறுக்கிப் பல நாள் ஊறவைத்து, சுட்ட கேக்கைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் வண்ணத்தாளிலே சுற்றி அயலாருக்கு வழங்குவது இந்நாட்டு மரபு. ஆகவே நத்தார்ச் சமையல் இயல்பாகவே முன்யோசனையை வேண்டி நிற்பது. திருவிழாவுக்கு முன்னுள்ள நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை ஆயத்த காலமாக வகுத்திருப்பது போல, அடுக்களைக்கும் ஓர் ஆயத்த காலம் உண்டு.

ஆனால், முன்யோசனை நம் நகரத்தாருக்கு விருப்பத்தால் மட்டும் வந்த பழக்கமன்று. பஞ்சமும் அதனைக் கற்பித்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்த இலங்கை திகைத்தது. அவ்வாண்டிலேயே பங்கீடு வந்தது. ‘கூப்பன்’ என்னும் சொல் வீட்டுச் சொல்லாயிற்று. யுத்தம் முடிந்த பின்னரும் கூப்பன் முடியவில்லை. 1953ஆம் ஆண்டிலே கொத்து ஒன்று 25 சதமாயிருந்த கூப்பன் அரிசி 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே கொதித்தெழுந்தது. ஆகஸ்டு 12ஆந் திகதி நடந்த ஹர்த்தாலும், அதன்பின் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததும் யாவரும் அறிந்தவை. அவரே மீண்டும் பிரதமராயிருந்த 1966ஆம் ஆண்டிலே, நத்தார் மாதமாகிய டிசம்பரிலேயே, ஆளுக்குக் கிழமைக்கு இரண்டு கொத்தாயிருந்த அரிசி ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அவ்வொரு கொத்தும் இலவசமாக வழங்கப்பட்டது. 1979ஆம் ஆண்டிலே கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது.

கூப்பன் காலத்தை நான் புகழவில்லை. கால்கடுக்க வரிசையிலே நின்றவர்கள் அதன் துன்பத்தை அறிவார்கள். எனினும் அம்முறையிலே ஒரு நீதி இருந்தது. ஏழையின் பங்கு முதலிலேயே அளந்து வைக்கப்பட்டது. எஞ்சியதை அள்ளிக் கொடுக்கும் தருமமாக அது இருக்கவில்லை.

இந்த நீதியை நம் முன்னோர் அரசாங்கத்திடமிருந்து கற்றார்களில்லை. பிடியரிசி என்னும் வழக்கத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது, உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலே இட்டு வைப்பார்கள். அது கோயிலுக்கோ மடத்துக்கோ ஏழைக்கோ போய்ச் சேரும். சைவர் இல்லங்களிலும் கிறிஸ்தவர் இல்லங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. அதன் நுட்பம் யாது? உண்டு மிஞ்சியதை எடுப்பதன்று. உலை ஏறுமுன் எடுப்பது. ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீட்டிலும் பசி வந்ததில்லை. மிஞ்சினால் கொடுப்போம் என்றிருந்தால் அந்தப் பானை ஒருநாளும் நிரம்பியிராது.

2022ஆம் ஆண்டு இதனை நமக்கு மீண்டும் உணர்த்திற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அதாவது, அதே பணத்துக்கு ஏறத்தாழப் பாதிச் சாமானே கிடைத்தது. காலையுணவின்றிப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டோம். அந்த நத்தாருக்குச் சாமான் துண்டைக் கையிலெடுத்த எவரும் எதையாவது வெட்டியே ஆகவேண்டியிருந்தது. வெட்டுகின்ற கை துண்டின் அடியிலிருந்தே தொடங்கும். ஏழையின் பங்கு அடியிலே எழுதப்பட்டிருந்தால், முதலில் மறைவது அதுவே அன்றோ?

ஆகையால் நான் வேண்டுவது ஒன்றே. துண்டின் முதல் வரியிலே அந்தப் பங்கை எழுதுங்கள். கெடாத சாமான்களாகிய ரவை, சீனி, பருப்பு, உலர்ந்த பழம் முதலியவற்றை நவம்பரிலேயே சிறுகச் சிறுக வாங்கும்போது, ஒவ்வொரு முறையும் ஒரு பங்கைப் பிரித்து வையுங்கள். இறைச்சியும் மரக்கறியும் கடைசிக் கிழமைக்கு நிற்கட்டும். பிரித்து வைத்ததை நத்தாருக்கு இரண்டு கிழமை முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். விழாவுக்கு மறுநாள் கொடுக்கும் பலகாரம் ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். முன்னதாகக் கொடுக்கும் சாமானோ, இன்னொரு தாய் தன் கையாலே தன் பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்யும் பெருமையை அளிக்கும். வாங்குவோர் முகம் வாடாமற் கொடுக்கும் வழி அதுவே.

கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலே செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் கூடுகின்றனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அத்தலத்திலே நிகழ்ந்த கொடுமையால் உற்றாரை இழந்த குடும்பங்களுக்கும் நத்தார் ஆண்டுதோறும் வருகின்றது. வெள்ளவத்தையின் மாடிவீடுகளிலே பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவர்களுக்கும் அது வருகின்றது. அவர்களுள் சிலருக்குத் தேவை அரிசியன்று, உடனிருந்து உண்பதற்கு ஓர் ஆள். அவர்களுக்கும் துண்டிலே ஒரு வரி இருக்கட்டும்.

சத்திரத்திலே இடமின்றித் தொழுவத்திலே பிறந்த பாலனின் திருநாள் இது. இடம் இல்லை என்னும் சொல்லை நம் வீட்டுச் சாமான் துண்டு சொல்லாதிருப்பதாக.