ஈரம் யாருடைய குற்றம்?

பஞ்சாலைகளின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். லங்காஷயரின் கதிர்களும் தறிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் பெரும்பகுதிக்கு ஆடை கொடுத்தன என்பதும், அவ்வாடை இந்திய நெசவாளனின் தறியை ஓயச் செய்தது என்பதும் பாடசாலை மாணவரும் அறிந்த செய்திகள். அத்தறிகளின் முன் நின்று உழைத்த பெண், கிழமைக்கொரு நாள் தன் குடும்பத்து உடுப்புகளைத் தோய்த்தபின் அவற்றை எங்கே உலர்த்தினாள் என்று கேட்டவரோ மிகச் சிலர். அற்பமான கேள்வியென்று தோன்றலாம். அதனைப் பின்தொடர்ந்து செல்பவர், வீட்டு வாடகையையும் கொள்ளை நோயையும் பாராளுமன்றச் சட்டங்களையும் ஒரு குழந்தையின் மரணத்தையும் வழியிற் காண நேரும்.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு உலர்த்துதல் ஒரு வேலையென்றே படாது. பங்குனி வெயிலில் வேலியின்மேல் எறிந்த சீலை, எறிந்தவள் கிணற்றடிக்குத் திரும்புமுன் காய்ந்துவிடுகிறது. அன்றியும், தோய்ப்பதையும் உலர்த்துவதையும் நெடுங்காலம் ஒரு சாதியினரின் தோளிற் சுமத்திவிட்டு வெள்ளை வேட்டியின் பெருமையை மட்டும் தமதாக்கிக்கொண்டவர்கள் எமது உயர்குடியினர். ஈரத் துணியின் பாரத்தை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அடைமழை மாதங்களில் மலையகத்து லயக் காம்பராவுக்குள் கொடி கட்டி வாழ்ந்தவர்களே இக்கட்டுரையின் பொருளை விளக்கமின்றி உணர்வர். அந்த லயங்களைக் கட்டுவித்த துரைமாரின் நாட்டிலும் தொழிலாளி வீட்டின் நிலை இதற்கு வெகுதூரத்தில் இருக்கவில்லை.

குளிர்நாட்டில் துணி ஏன் உலர மறுக்கிறது? காற்று ஏந்தக்கூடிய நீராவிக்கு ஓர் அளவுண்டு. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியை ஏந்தும். 5 பாகையில் ஏறக்குறைய 7 கிராமை மாத்திரமே ஏந்தும். ஒரு தடவை தோய்த்த குடும்ப உடுப்புகளிலிருந்து இரண்டு லீற்றர் வரையில் நீர் காற்றிற் கலக்கிறது. வெளியே 5 பாகைக் குளிரில் நனைந்து நிற்கும் காற்று, 10 பாகையளவே உள்ள ஓர் அறைக்குள் வந்தால் கன மீற்றருக்கு மேலும் இரண்டரைக் கிராம் அளவையே ஏற்றுக்கொள்ளும். அவ்வறை பன்னிரண்டடிச் சதுரமும் எட்டடி உயரமும் உடையதாயின், இரண்டு லீற்றர் நீரும் வெளியேறுவதற்கு அறையின் காற்று முழுவதும் இருபது தடவைக்கு மேல் மாறவேண்டும். மாறாவிடின் நீர் எங்கும் போய்விடுவதில்லை. துணியை விட்டுச் சுவரிற் படிகிறது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் கவர்ந்துகொள்வதால், ஏற்கெனவே குளிர்ந்த அறை மேலும் குளிர்கிறது. எனவே அடுப்பில்லாத வீட்டில் துணியை உலர்த்துவது காற்றோட்டத்தின் வேலை. காற்று உலர்ந்து வீசுமாயின் உறைபனியிற்கூடத் துணி காயும். பலகைபோல் விறைத்துவிட்ட சட்டையிலிருந்து பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிச் செல்கிறது. வடநாட்டுப் பெண்கள் இதனை விஞ்ஞானிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

காற்றோட்டமே வேலை செய்யும் என்றால், அக்காற்றோட்டம் எவருக்குக் கிடைத்தது என்பதே வரலாற்றுக் கேள்வி. கைத்தொழிற் புரட்சி வளர்த்த நகரங்களில் நிலம் விலையேறியது. லீட்ஸ், பேர்மிங்ஹாம் முதலிய நகரங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் எழுந்தன. பின்சுவர் அயல் வீட்டுக்காரனுக்கும் சுவர், பின்வாசல் இல்லை, எதிரெதிர்ச் சாளரங்கள் இல்லாமையால் காற்று ஊடறுத்துச் செல்லவும் வழியில்லை. பேர்மிங்ஹாமிற் பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு முற்றமும், அதில் ஒரு தோய்ப்பறையும் இருந்தன. பெண்கள் முறைவைத்து அவ்வறையைப் பயன்படுத்தினர். தன் முறை வந்த நாளில் மழை பெய்தால் அது அவளுடைய விதி. மழை பெய்யாவிட்டாலோ ஆலைப் புகைபோக்கிகள் கரித்துகளைப் பெய்தன. காற்றுத் திசை மாறிய கணத்தில் வெளுத்த துணி மீண்டும் அழுக்காயிற்று. வீதிக்குக் குறுக்கே வீட்டுக்கு வீடு கயிறு கட்டி ஈரத் துணி தொங்குவதை, 1845 இல் வெளிவந்த தமது நூலில் ஏங்கெல்ஸ் பதிவு செய்திருக்கிறார். தொழிலாளர் சேரியின் அடையாளங்களுள் ஒன்றாக அவர் அதனைக் கண்டது தற்செயலன்று.

திங்கட்கிழமை தோய்ப்பு நாள். ஞாயிறன்று உடுத்த நல்லுடுப்புகள் அன்று தொட்டிக்குள் இறங்கும். மழைக்காலத் திங்களன்று முழுக் குடும்பமும் ஈரத்தின் நடுவே உண்டு உறங்கியது. சமையலுக்கென மூட்டிய நிலக்கரி அடுப்பைச் சுற்றி மரச்சட்டங்களில் துணி விரிக்கப்பட்டது. வேலையால் நனைந்து வரும் கணவனுக்கு நெருப்பருகே இடமில்லை. இந்த நெருக்கடியில் ஒரு நல்ல கருவி உருவாயிற்று. இரண்டு வார்ப்பிரும்புச் சட்டங்களில் நான்கைந்து மரச்சலாகைகளைச் செருகி, கப்பியும் கயிறும் கொண்டு கூரைத்தளத்துக்கு உயர்த்திவிடுவர். வெப்பக் காற்று மேலே செல்கிறது. அங்கே துணி காத்திருக்கிறது. தரையோ மனிதருக்கு மிஞ்சுகிறது. ஸ்கொத்லாந்தில் அதனைக் கப்பி என்றே சொல்வர். இன்றும் அங்குப் பழைய மாடிவீடுகளில் அது தொங்குகிறது. புதிதாகச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

உருளை யந்திரத்தையும் குறிப்பிடாமல் விடமுடியாது. இரண்டு உருளைகளுக்கிடையே துணியைச் செலுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் நீர் பிழிந்து வெளியேறும். பிழிந்து எடுக்கும் நீருக்கு வெப்பம் தேவையில்லை. ஆவியாக்கி எடுக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் ஏறத்தாழ 0.7 கிலோவாற்று மணி வெப்பம் எங்கிருந்தேனும் வந்தாகவேண்டும். ஆகவே குளிர்வீட்டின் முதல் விதி, கொடியிற் போடுமுன் பிழி என்பது. கணவனை இழந்த பெண்ணுக்கு அயலவர் பணம் சேர்த்து உருளை யந்திரம் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் தொழிலாளர் பகுதிகளில் இருந்தது. அவள் ஊராரின் துணியைச் சில காசுகளுக்குப் பிழிந்தும் அழுத்தியும் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். அரசு கொடுக்காத உதவிப்பணத்தை அயல் இவ்வாறு ஓர் இரும்புச் சக்கரமாகக் கொடுத்தது.

அயலின் இந்த ஒற்றுமையே ஒரு காலத்தில் சட்டமாயும் மலர்ந்தது. அயர்லாந்தின் டெறி நகரிற் பிறந்து, சிறுமியாய் இருந்தபோதே கேற்றன் என்ற ஊரின் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவள் கிற்றி வில்கின்சன். பின்னர் லிவர்பூலில் குடியேறினாள்; அவள் கணவன் பருத்திக் கிட்டங்கியொன்றில் தொழிலாளி. 1832 இல் கொலரா அந்நகரைத் தாக்கியபோது, அவளுடைய வீட்டில் வெந்நீர்க் கொப்பரை ஒன்று இருந்தது. அயலவர் பலரிடம் அதுவும் இல்லை. நோயாளரின் துணிகளை அங்கே கொணர்ந்து தோய்க்குமாறு அவள் அழைத்தாள். கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. வெந்நீரும் சுண்ணச் சலவைப்பொடியும் கொண்டு அந்தப் பெண்கள் செய்த காரியத்தின் பெறுமதியை மருத்துவம் பின்னரே முழுதாக உணர்ந்தது. அவளுடைய முன்மாதிரி, 1842 இல் லிவர்பூல் பிறெடரிக் வீதியில் நகரசபை திறந்த பொதுக் குளிப்பகமும் தோய்ப்பகமுமாக வளர்ந்தது. 1846 இல் கிற்றியும் கணவனும் அதன் மேற்பார்வையாளராயினர். அதே ஆண்டில் அரசியின் பெயரையும் தாங்கிய வெள்ளித் தேநீர்க் குடமொன்று அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது. தொழிலாளிப் பெண்ணைக் கௌரவிக்க ஆளும் வர்க்கத்துக்குத் தெரிந்த வழி அது.

பெரிய பரிசு அதே ஆண்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமே. நகரசபைகள் பொதுப் பணத்தில் தோய்ப்பகங்களை அமைக்க அது அதிகாரம் அளித்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பென்னிக்குமேல் அறவிடலாகாது என்று கட்டணத்துக்கும் எல்லை வகுத்தது. அப்பென்னிக்குள் தொட்டியும் வெந்நீரும் மட்டுமன்றி உலர்த்தும் வசதியும் அடங்கியது. சுடுகாற்று நிரம்பிய அறைகளினுள்ளே உயரமான சட்டங்கள் தண்டவாளத்தில் இழுப்பறைபோல் சென்றன. ஈரமாக உள்ளே சென்ற துணி உலர்ந்து வெளியே வந்தது. வீட்டில் நெருப்பில்லாதவளுக்கு ஊர் நெருப்பைப் பகிர்ந்து கொடுத்தது. வீட்டுக்குள் ஈரம் புகவே வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நன்மை. கிளாஸ்கோவில் இன்னும் பழைய உரிமை ஒன்றும் நிலவியது. நகரின் நடுவேயுள்ள பசும்புல்வெளியில் எவரும் துணி தோய்த்து உலர்த்தலாம். 1732 இலேயே அங்கே தோய்ப்பகமொன்று கட்டப்பட்டது. கொடி கட்டுவதற்கென நட்ட இரும்புக் கம்பங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொதுத் தோய்ப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வீட்டுக்கு வீடு யந்திரம் வந்துவிட்டது; இனிப் பொதுவிடம் எதற்கு என்றனர். தொட்டியைத் தள்ளிச் சென்ற பெண்ணின் முதுகுவலி நீங்கியது உண்மை. அதனைக் குறைத்து மதிப்பிடுவது ஆணின் கண்ணோட்டமாகிவிடும். ஆனால் தோய்க்கும் யந்திரம் வந்த வீடுகள் பலவற்றுக்கு உலர்த்தும் இடம் வரவில்லை. அடுக்குமாடிகளில் முற்றமில்லை, மாடத்தில் துணி தொங்கவிட்டால் அழகு கெடுமெனக் குடியிருப்பு விதிகள் பல தடுத்தன. வீடுகளின் உள்ளமைப்பும் மாறியது. பழைய வீட்டில் புகைபோக்கியொன்று ஓயாமல் காற்றை உறிஞ்சி மேலே அனுப்பியது. அந்த வீடு குளிர்ந்தது, ஆயினும் மூச்சுவிட்டது. புகைபோக்கியைச் செங்கல்லால் அடைத்துச் சாளரத்துக்கு இரட்டைக் கண்ணாடி பொருத்தியபின் வெப்பம் தங்கியது, அதனோடு ஈரமும் தங்கியது. வெப்பமூட்டியையும் உலர்த்தும் யந்திரத்தையும் இயக்கப் பணமுள்ளவரை இது பெருந்தொல்லையன்று. சராசரிக் குடும்பத்தின் ஆண்டு எரிபொருட் கட்டண உச்சம் 2021 ஒக்ரோபரில் 1,277 பவுண். 2022 ஏப்ரலில் 1,971 பவுண். அவ்வாண்டு ஒக்ரோபரில் அது 3,549 பவுணாக இருந்திருக்கும். அரசு தலையிட்டு 2,500 இல் நிறுத்தியது. இலட்சக்கணக்கான வீடுகளில் வெப்பமூட்டி அணைந்தது. பாட்டிமார் அறிந்திருந்தவை மீண்டும் அறிவுரைகளாக வெளிவந்தன: இருமுறை பிழி, துணிக்கும் துணிக்கும் இடைவெளி விடு, வீடெங்கும் பரப்பாமல் ஒரே அறையில் வை, அவ்வறைக் கதவை மூடிச் சாளரத்தைச் சற்றே திற. நல்ல அறிவுரைகள்தாம். மூடுவதற்கு இன்னோர் அறை இல்லாதவனுக்கு அவை என்ன செய்யும்?

பஞ்சாலைத் தொழிலால் வளர்ந்த றொச்டேல் நகரை, 1844 இல் கூட்டுறவுக் கடை தொடங்கிய தொழிலாளரால் உலகம் அறியும். அந்நகரின் ஓர் அறை கொண்ட வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. சுவரிற் படர்ந்த பூஞ்சணத்தை நெடுங்காலம் சுவாசித்தமையால் நேர்ந்த சுவாச நோயே காரணமென மரண விசாரணை 2022 நவம்பரில் முடிவு செய்தது. தந்தை 2017 இலேயே முறையிட்டிருந்தார். பூஞ்சணத்தின்மேல் வண்ணம் பூசுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. சமையலறையிலும் குளியலறையிலும் போதிய காற்றோட்டம் இருக்கவில்லை. எனினும் வீட்டை வாடகைக்கு விட்ட நிறுவனம், சூடானிலிருந்து வந்த அக்குடும்பத்தின் வாழ்க்கை முறையே ஈரத்துக்குக் காரணமென ஊகித்துக்கொண்டது. அவர்கள் குளிக்கும் முறையும் சமைக்கும் முறையும் குற்றப் பட்டியலில் ஏறின. துணியை வீட்டுக்குள் உலர்த்துவோர் மீதும் இதே சொல்லே வீசப்பட்டு வந்தது. வீடமைப்புக் குறைகேள் அதிகாரி 2021 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கை, வாழ்க்கை முறை என்ற அச்சொல்லுக்குப் பின்னால் வீட்டுச் சொந்தக்காரர் ஒளிவதை வெளிப்படையாகவே கண்டித்தது. மனிதர் குளிப்பதும் சமைப்பதும் துணி உலர்த்துவதும் வாழ்க்கை முறையாம். அவற்றைத் தாங்காத சுவரைக் கட்டியதற்கு மட்டும் பெயரில்லை!

கிளாஸ்கோ ஆய்வாளர் இதனை அளந்தும் காட்டியுள்ளனர். வீட்டுக் காற்றிலுள்ள ஈரத்தில் நூற்றுக்கு முப்பது வரை உலரும் துணியிலிருந்து வரக்கூடும் என்று அவர்களுடைய 2012 ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. அவர்கள் குடியிருப்பாளரைத் திட்டவில்லை. தனிக் காற்றோட்டமுள்ள உலர்த்துமிடம் வீட்டின் ஓர் அங்கமாக வேண்டுமென்றனர். ஸ்கொத்லாந்தின் கட்டட விதிகளோ ஏற்கெனவே ஒருபடி முன்னே சென்றவை. புதிய வீட்டில், அறையொன்றுக்கு 1.7 மீற்றர் நீளக் கொடிக்கேனும் இடமிருக்க வேண்டுமென அவற்றின் வழிகாட்டிகள் அளவே குறிக்கின்றன. இங்கிலாந்தில் 2006 இல் வெளியான விருப்பத் தராதரமொன்று, உலர்த்துமிடம் அமைத்த வீட்டுக்கு ஒரு புள்ளி வழங்கியது. 2015 இல் அத்தராதரம் கைவிடப்பட்டது. அவாப்பின் பெயர் தாங்கிய சட்டவிதிகள் 2025 ஒக்ரோபர் 27 முதல் சமூக வீடமைப்பில் நடைமுறைக்கு வந்தன. அவசர ஆபத்தாயின் 24 மணி நேரத்துள் நடவடிக்கை; ஏனைய பாரதூரமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலைநாட்களுள் ஆராய்தல்; ஆராய்ந்தபின் 5 வேலைநாட்களுள் வீட்டைப் பாதுகாப்பாக்கல். தந்தையின் முதல் முறைப்பாட்டிலிருந்து எட்டாண்டுகள் கழித்துக் கிடைத்த கணக்கு இது. ஈரத் துணியை எங்கே போடுவது என்பதுபற்றி அவ்விதிகளில் எதுவும் இல்லை.