தும்பாவின் ஆலயமும் ராக்கெட்டும்

ஆலயத்தை விட்டுக்கொடுங்கள் என்று ஒருவர் வந்து கேட்டால் நம் சபை என்ன சொல்லும்? கார்ப்பெட் மாற்றுவதற்கே இரண்டு கூட்டம் போடுகிறவர்கள் நாம். 1960களின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவ கிராமத்தில் அந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. கேட்டவர் விஞ்ஞானி விக்ரம் சாராபாய். கேட்டது மகதலேனா மரியாள் ஆலயத்தை.

ஏன் அந்த இடம்? பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. அதற்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் வலுவான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ராக்கெட் மட்டுமே அங்கே போய்ப் பார்த்து வரும்.

ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா தாமாக முடிவு சொல்லாமல், ஞாயிறு ஆராதனையில் மக்களிடமே கேட்டார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். மக்கள் "ஆமென்" என்றார்களாம். ஆலயம் அலுவலகமானது, ஆயர் இல்லம் பட்டறையானது, மாட்டுத்தொழுவம் ஆய்வுக்கூடமானது. (தொழுவம் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும்.) இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த ஆமெனோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த மக்கள் ஆலயத்தை மட்டுமல்ல, தங்கள் வீடுகளையும் விட்டு வேறிடம் போனார்கள். வலை காயவைத்த மணலை விட்டுப் போவது லேசான காரியமா?

1963 நவம்பர் 21, மாலை. அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து ஏறியது. ஜெட் விமானத்தின் எஞ்சினுக்கு வெளிக்காற்று வேண்டும். ராக்கெட்டோ எரிவதற்கான ஆக்சிஜனையும் தானே சுமக்கிறது. எரிந்த வாயுவைக் கீழ்நோக்கி வீசும்போது அதன் எதிர்விசை ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. நைக்கி அப்பாச்சியில் இரண்டு அடுக்குகள், இரண்டிலும் திட எரிபொருள். முதல் அடுக்கு சில நொடிகளில் எரிந்து முடிந்ததும் வெற்றுக்கூடு கழன்று விழும். காலியான கூட்டை ஏன் சுமக்க வேண்டும்? பிரான்ஸிலிருந்து வந்த சோடியம் ஆவி, அந்தி வானில் செம்மஞ்சள் மேகமாக விரிந்தது. அது நகர்வதை வைத்து மேல்வளிமண்டலக் காற்றை அளந்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1967இல், இந்தியாவிலேயே செய்த ரோகிணி ராக்கெட் அதே கரையிலிருந்து பறந்தது. அதன் விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர். 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3க்குத் திட எரிபொருள் அடுக்குகள் நான்கு. அது 35 கிலோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் தும்பாவில் தொழில் பழகிய ராமேஸ்வரத்துக் கலாம்.

ஆலயத்தை யாரும் இடிக்கவில்லை. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம்.