கறுப்புச் சோயாவும் முக்கெபுக்கும்

போன மாரியில் ஒரு சனிக்கிழமை அம்மா அப்பாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததுமே கருகல் மணம். அம்மா கோப்பி வறுக்கிறார் என்று நினைத்துக் குசினிக்குள் எட்டிப் பார்த்தால், தாச்சியில் கிடந்தது கறுப்புச் சோயா. வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு ஆசியக் கடையில் ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறார். "இதை வறுத்து ஊறவிட்டுக் குடிச்சால் சீனி வருத்தம் குறையுமாம் தம்பி" என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வெளியே வந்தது. நாலு நாளாக அவர் குளிசை போடவில்லை.

அன்று இரவு வீட்டில் நல்ல சண்டை. இடையில் அப்பா மட்டும் அமைதியாகக் கோப்பையை மணந்து பார்த்துவிட்டு, "இது முக்கெபுக் எல்லோ" என்றார். 80களில் அகதியாக வந்த புதிதில், முகாமில் கோப்பி என்று கொடுத்த கறுப்புத் தண்ணிக்கு ஒரு ஜேர்மன் கிழவர் சொல்லிக்கொடுத்த பெயராம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் தெரியாது! அதைத் தேடப் போனதில் கிடைத்ததுதான் இது.

முக்கெபுக் என்றால் கோப்பிக் கொட்டை இல்லாத கோப்பி. சிக்கரி வேர், பார்லி, ஓக் மரக் கொட்டை என்று வறுத்தால் கறுக்கும் எதையும் போடலாம். 'போலி மொக்கா' என்ற பிரெஞ்சுச் சொல் திரிந்து வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். ரைன் நதிக்கரைப் பேச்சுவழக்கில் உக்கிப்போன மரத்தூளைக் குறித்த சொல் என்பார்கள் வேறு சிலர். குடித்துப் பார்த்தபின் நான் இரண்டாவது கட்சி.

கதை பிரஷ்யாவில் சூடு பிடிக்கிறது. மன்னர் இரண்டாம் பிரெடரிக்குக் கோப்பி விளையும் குடியேற்ற நாடு எதுவும் இல்லை. மக்கள் குடிக்கக் குடிக்கக் காசு வெளிநாட்டுக்குப் போனது. 1781இல் கோப்பி வறுப்பதை அரசின் ஏகபோகம் ஆக்கினார். பிரபுக்கள், அதிகாரிகள், பாதிரிமார் போன்றவர்கள்தான் வீட்டில் வறுக்க அனுமதி பெறலாம். மற்றவர்கள் களவாக வறுக்கிறார்களா என்று பிடிக்க, சேவை முடிந்த படைவீரர்கள் சுமார் 400 பேரைத் தெருத்தெருவாக மணந்து திரிய விட்டார். ஊர் அவர்களுக்கு வைத்த பெயரே 'கோப்பி மோப்பக்காரர்'. அம்மாவின் குசினி அவர்களை நன்றாக ஏமாற்றியிருக்கும். காசில்லாதவர்கள் சிக்கரிக்குப் போனார்கள். மன்னர் 1786இல் இறந்தார், அடுத்த வருடம் ஏகபோகமும் போனது. சிக்கரி போகவில்லை.

நூறு வருடம் கழித்து இதே குடிபானத்துக்கு ஒரு புதுச் சட்டை போட்டார்கள். பவேரியாவில் குளிர்நீர் வைத்தியத்தால் பேரெடுத்த பாதிரியார் செபஸ்டியான் க்னைப், கோப்பியை விட்டுவிட்டு வறுத்த முளைப்பார்லியைக் குடியுங்கள், அதுதான் உடம்புக்கு நல்லது என்றார். மியூனிக்கின் கத்ரைனர் நிறுவனம் 1890களில் அவருடைய பெயரையும் படத்தையும் போட்டு அதை விற்றது. ஏழைகள் வேறு வழியில்லாமல் குடித்தது, இப்போது ஆரோக்கியம். இன்றைக்கு வட்ஸ்அப்பில் வருகிறது, அன்றைக்குப் பொதியின் மேல் வந்தது.

சோயா ஜேர்மனிக்கு அம்மாவோடு வரவில்லை. லெம்கோ என்ற ஊரில் பிறந்த வைத்தியர் எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் 1690 முதல் 1692 வரை ஜப்பானில் இருந்தவர். சோயாவில் இருந்து மிசோவும் சோயாச் சாறும் செய்வதைப் பற்றி 1712இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில் பேராசிரியர் பிரீட்ரிக் ஹபர்லாண்ட் சோயா விதைகளை வாங்கி, பல இடங்களில் விதைக்கக் கொடுத்தார். முதலாம் உலகப்போரில் பிரித்தானியா கடலை மறித்தபோது ஜேர்மனி பசியில் கிடந்தது. அப்போது கோல்ன் நகர நிர்வாகத்தில் இருந்த கொன்ராட் அடனாவர் சோயா போட்ட சொசேஜ் ஒன்றை உருவாக்கினார். பிற்காலத்தில் சான்சிலர் ஆன அதே அடனாவர்தான். ஜேர்மனியில் காப்புரிமை கிடைக்கவில்லை. எதிரி நாடான பிரித்தானியா 1918இல் கொடுத்தது.

பொறியியல் படித்த எனக்குப் பிடித்த அத்தியாயம் 1977. பிரேசிலில் பனி விழுந்து கோப்பி விலை ஏற, கிழக்கு ஜேர்மனியிடம் அந்நியச் செலாவணி இல்லை. 51 சதவீதம் கோப்பி, மிச்சம் சிக்கரி, தானியம், பட்டாணி என்று 'கோப்பி மிக்ஸ்' விட்டார்கள். உணவகங்களின் இயந்திரங்களில் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் பட்டாணிப் புரதம் ஊதி, வடிகட்டிகள் அடைத்துக்கொண்டன. சனங்கள் பொங்கி எழ, அரசு பின்வாங்கியது.

இதையெல்லாம் வாசிக்கும்போது அம்மம்மாவின் மல்லிக் கோப்பி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 90களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர் அவர். மண்ணெண்ணெய் கிடையாது, சவர்க்காரம் கிடையாது, ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு. அவருடைய தூளில் கோப்பிக் கொட்டையை விட மல்லியும் சுக்கும்தான் கூட. "தடிமனுக்கு நல்லது" என்று சொல்லித்தான் எங்களுக்கும் தருவார். அதில் எவ்வளவு தடிமனுக்காக, எவ்வளவு கோப்பிக் கொட்டைக்குக் காசில்லாததால் என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் அவர் இல்லை.

கறுப்புச் சோயாவுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். ஜப்பானிலும் கொரியாவிலும் அது எதற்கும் பதிலி இல்லை, அதற்காகவே விரும்பிக் குடிக்கிறார்கள். கழுவித் துடைத்து, மெல்லிய நெருப்பில் எண்ணெய் இல்லாமல், தோல் வெடித்து உள்ளே வெளிறிய பருப்புத் தெரியும்வரை வறுக்க வேண்டும். ஒரு பிடியில் கொதிதண்ணி ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும். ஊறிய கொட்டையையும் சாப்பிடலாம், எனக்கு அதுதான் ருசி. கஃபீன் இல்லை, இரவிலும் குடிக்கலாம். அந்தக் கறுப்புத் தோலில் அந்தோசயனின் என்ற நிறப்பொருள் இருப்பதும் உண்மை. ஆனால் அது நீரிழிவுக் குளிசையின் வேலையைச் செய்யாது. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், மருந்து உடம்பில் சேர்வதைச் சோயா குறைக்கலாம்.

திங்கட்கிழமை அம்மாவைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குடிக்கலாம், ஆனால் குளிசையை நிறுத்தக்கூடாது என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அம்மா என்னை முறைத்தார். வைத்தியர் சொல்லாததையும் நான் சேர்த்துச் சொல்கிறேன் என்று சந்தேகம். கொஞ்சம் சேர்த்ததும் உண்மைதான்.

இப்போது குசினி மேசையில் குளிசைப் பெட்டியும் சோயாப் போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. போன கிழமை பார்த்தால், சோயாவோடு ஒரு பிடி மல்லியையும் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். அப்பா ரெண்டு கோப்பை குடித்தார். பெயரைத்தான் மாற்றமாட்டேன் என்கிறார்.