கடல் குடியிருந்த வீடுகள்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் ஒன்று பல வருஷங்களாக ஓதம் காத்துக்கொண்டிருந்தது. கொத்தனார் வந்தார். விரலால் சுரண்டிப் பார்த்தார். "இது ஒரு பெரிய விஷயமா, ஸார்!" என்று சொல்லி, சிமெண்டைக் கனமாக அப்பிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஐப்பசியில் ஓதம் அந்தச் சிமெண்டைத் தாண்டி ஒரு முழம் மேலே ஏறி நின்றது. அப்பொழுதுதான் ஹாலந்து தேசத்து ஜனங்கள் 1953-ல் பட்ட பாட்டை நான் சிரத்தையுடன் படிக்கத் தொடங்கினேன்.

சுவரில் ஊறும் ஈரத்துக்கும் ஓதம் என்று பெயர். கடல் பொங்கி ஏறுவதற்கும் ஓதம் என்றே பெயர். தமிழில் இது ஏன் இப்படி அமைந்தது என்று நான் யோசித்ததுண்டு. ஜீலந்து மாகாணத்தில் அந்த வருஷம் இரண்டு ஓதமும் ஒரே சுவரில் சந்தித்துக்கொண்டன.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை. வடமேற்கிலிருந்து பெரும் புயல். பௌர்ணமியை ஒட்டிய உயர்ந்த ஓதம் வேறு. நள்ளிரவுக்குப் பிறகு அந்நாட்டில் அப்போது வானொலி ஒலிபரப்பு கிடையாது. ஆகவே எச்சரிப்பார் இல்லாமல் ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் கடல், வழக்கமான மட்டத்துக்கு மேல் நாலரை மீட்டர் எழும்பி, அணைக்கரைகளைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. 1,836 பேர் மாண்டார்கள். சுமார் 72,000 பேர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அணைகள் பலவீனமாக இருக்கின்றன என்று வான் வேன் என்ற எஞ்சினீயர் பல வருஷங்களாகச் சொல்லிவந்தார். யாரும் நம்பாத தீர்க்கதரிசினியான கஸாண்ட்ராவின் பெயரையே அவர் புனைபெயராகவும் வைத்துக்கொண்டார் என்றால் பாருங்களேன்!

நதி வெள்ளம் வந்தால் வடிந்துவிடும். சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அடுப்பை மூட்டலாம். கடல் அப்படிப்பட்ட விருந்தாளி அல்ல. ஔவர்கெர்க் என்ற கிராமத்தருகே அணையில் விழுந்த உடைப்பை உடனே அடைக்க முடியவில்லை. தினம் இரண்டு தடவை ஓதம் ஏறும். இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு தடவையும் உடைப்பு ஆழமாயிற்று. ஒன்பது மாதங்களுக்கு மேல் சுற்றுப்புறத்து வீடுகளில் கடல் வாசல் வழியாக வந்து வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மனிதர்கள் வெளியே, கடல் உள்ளே. கடைசியில் மகாயுத்தத்தில் நார்மண்டிக் கரையில் படை இறங்குவதற்காகச் செய்த மாதிரியான ராட்சஸக் கான்கிரீட் பெட்டிகளைக் கொண்டுவந்து மூழ்கடித்தார்கள். நவம்பர் 6-ஆம் தேதி இரவு உடைப்பு மூடியது. அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே 2001-ல் ஒரு காட்சிசாலை திறந்தார்கள்.

வீடு திரும்பியவர்களுக்குச் சேறு பெரிய எதிரி அல்ல. மண்வெட்டிக்குச் சேறு பயப்படும், உப்பு பயப்படாது. செங்கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் கடல்நீர் புகுந்து, நீர் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் நம் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே வேலையைத்தான் சுவரும் செய்கிறது. காற்றில் ஈரம் மிகும்போதெல்லாம் வியர்க்கும். காய்ந்தால் உப்புப் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். அவசரப்பட்டுப் புதுப் பூச்சுப் பூசினவனுக்கு ஆறு மாதத்தில் அது காலடியில் பொருக்காக விழுந்து கிடக்கும். மூட்டைக் கணக்கில் சிமெண்டு பூசினாலோ, உள்ளே மறிக்கப்பட்ட ஈரம் வேறு வழியாக மேலே ஏறும். (எங்கள் கொத்தனாரிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு பிறக்கவில்லை.) செய்யத்தக்கது என்னவென்றால், நீர்க்கோட்டுக்கு மேல்வரை பழைய பூச்சைத் தட்டி எடுத்துச் செங்கல்லைக் காற்றாட விடவேண்டும். பூக்கிற உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி வெளியே கொட்டவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். மறுபடி பூக்கும், மறுபடி பெருக்கவேண்டும்.

ஜீலந்துக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1944 அக்டோபரில், ஜெர்மானியரை விரட்டுவதற்காக, நேச நாட்டு விமானங்களே வால்கரன் தீவின் அணையைக் குண்டு போட்டு உடைத்தன. அடுத்த வருஷம் முழுவதும் அத்தீவில் கடல் ஏறி இறங்கியது, மரங்கள் பட்டுப்போயின. அந்த உடைப்பை அடைத்த கதையை, பணியில் கூடவே இருந்த டென் டோலார்ட் என்ற நாவலாசிரியர் 1947-ல் நாவலாகவே எழுதினார். தொழில் பொறாமை எனக்கு உண்டு என்பதை மறைப்பானேன்! வயல்களை மீட்ட முறையும் சுவருக்குச் சொன்னதைப் போன்றதுதான்: அவசரப்பட்டு உழாமல், ஜிப்சம் தூவிவிட்டு, மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்தார்கள்.

எல்லா வீடும் மீளவில்லை. ஆயிரக்கணக்கானவை இடிந்து போயின. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகள் மரவீடுகளைப் பகுதி பகுதியாகச் செய்து கப்பலிலும் ரயிலிலும் தானமாக அனுப்பின. செங்கல் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த கிழவிகள் பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? அந்த வீடுகளில் பல இன்றும் நிற்கின்றன, ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

நானும் போன தையில் கொத்தனாரின் சிமெண்டை உளியால் கொத்தி எடுக்கச் சொன்னேன். செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. என் மனைவி வாரம் ஒரு தடவை உப்பைப் பெருக்கி முறத்தில் அள்ளுகிறாள். வருகிறவர்கள், "வீட்டில் மராமத்து நடக்கிறதா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், நடக்கிறது என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.