துருவின் அழகும் எஃப்.சி. பெயிண்டும்

அமெரிக்காவில் 1950களின் பிக்கப் வண்டிகளுக்கு இன்று தனி மவுசு. புதுப் பெயிண்ட் அடித்து மினுக்கிய வண்டியைவிட, வெயிலில் வெளிறி, பானட்டிலும் கூரையிலும் அடிப்பூச்சு தெரிய நிற்கும் வண்டியைத் தேடி வாங்குகிற கூட்டம் ஒன்று அங்கே உண்டு. வாங்கியபின் அந்த வெளிறலின் மேலேயே நிறமற்ற வார்னிஷைப் பூசி, இதற்குமேல் மூப்படையாதபடி உறையவைத்துவிடுகிறார்கள். புதுப் பூச்சைச் செயற்கையாக வெளிறவைத்துத் தரும் பட்டறைகளும் வந்துவிட்டன. நிலக்கோட்டைப் பக்கத்து லாரிக்காரரிடம் சொன்னால், 'என்னங்க, காசு குடுத்துத் துருவ வாங்குறானா?' என்று சிரிப்பார். ரசனை வித்தியாசம் என்று இந்தச் சிரிப்பை ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

'பாட்டினா' என்பது அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர். பழைய வெண்கலச் சிலைமீது படரும் பச்சைக்கு ஐரோப்பியக் கலை ரசிகர்கள் வழங்கிய சொல். தமிழில் களிம்பு. உயிரோடு ஒட்டியே இருக்கும் ஆணவ மலத்துக்கு உவமை தேடியபோது சைவ சித்தாந்தம் செம்பின் களிம்பைத்தான் எடுத்துக்கொண்டது. வீட்டிலும் செம்பு பச்சை பூத்தால் புளி போட்டுத் தேய்க்கிறோம். ஆனால் மரபைக் காட்டி மட்டும் லாரிக்காரரின் சிரிப்பை விளக்கிவிட்டால் அது அரைகுறை விளக்கம். பொருளாதாரத்தையும் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும்.

ஃபோர்டு கம்பெனி 1925ல் மாடல்-டி வண்டியின் பின்னால் தொட்டி பொருத்தி ஆலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. தொட்டியும் பெயிண்டும் கம்பெனியுடையவை. பெயிண்டில் நிறத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை வெயில் சிதைக்கிறது. நிறம் பொடியாகிக் கையில் ஒட்டுகிறது. ஆக, வெளிறிய பூச்சு என்பது 'இதை எவரும் தொடவில்லை' என்பதற்கான சாட்சி. இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் 'ஒளிவட்டத்தை' அழிக்கிறது என்று 1930களில் எழுதினார் வால்டர் பெஞ்சமின். இங்கே தலைகீழாக, லட்சக்கணக்கில் உற்பத்தியான பண்டத்துக்குத் துரு ஒரு ஒளிவட்டத்தைத் தந்துவிடுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்ணை வேலை முடிந்து, வண்டி கொட்டகையில் ஒதுங்கிய பிறகுதான் இந்த அழகு விலைபோகிறது. பயன்மதிப்பு செத்த இடத்தில் பரிமாற்ற மதிப்பு முளைக்கிறது.

நம் பக்கத்தில் கதை வேறு. மதுரையை மையமாகக் கொண்டு டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் பஸ்ஸும் லாரியும் ஓட்டிய காலத்திலிருந்தே வண்டி என்பது மாற்றி மாற்றிப் பிழைத்த பொருள். இரண்டாம் உலக யுத்தத்தின் பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுக் கலன் பொருத்திக்கொண்டு ஓடியது. யுத்தம் முடிந்து பட்டாள வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். 1954ல் டாடா-பென்ஸ், 1955ல் அசோக் லேலண்ட் என்று உள்நாட்டு லாரிகள் வந்த பிறகும் கம்பெனி பெரும்பாலும் சேஸிஸைத்தான் விற்றது. கூண்டையும் தொட்டியையும் ஆசாரி மரத்தில் கட்டினார். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அந்தத் தொழிலில் பேர் பெற்றன. முதல் பெயிண்டே உள்ளூர்ப் பெயிண்டரின் கையால் விழுந்தது. அப்படியானால் நம் லாரியில் எது 'ஒரிஜினல்'? அமெரிக்க ரசிகர் தேடும் அந்த மூலப்பிரதி இங்கே பிறக்கவே இல்லை.

அடுத்து எஃப்.சி. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். எஃப்.சி. காட்டப் போகுமுன் வண்டிக்கு டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடிப்பது இங்கே எழுதாத விதி. எழுதிய விதியும் இருந்தது. நேஷனல் பெர்மிட் வண்டி காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில், முப்பது சென்டிமீட்டர் வெள்ளைக் கரையோடு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் வகுத்தன. சருகின் நிறத்தையும் புதுசாகத்தான் அடிக்க வேண்டியிருந்தது! இந்தப் பின்னணியில் வெளிறிய பெயிண்டுக்கு ஒரே அர்த்தம்தான்: முதலாளி கையில் காசில்லை, தவணை நிற்கிறது, வண்டி ரோட்டுக்கு வந்து நாளாச்சு. ஆயுத பூசையன்று கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டி நிறுத்துகிற வண்டிக்கு அது அவமானம்.

நிலக்கோட்டையின் சரக்கும் மூப்பைப் பொறுக்காதது. மல்லிகையை விடியுமுன் மொட்டாகப் பறித்து, மலருமுன் விற்றாக வேண்டும். மேட்டடோர், 1986ல் வந்த டாடா 407, 2005ல் வந்து 'குட்டியானை' என்று பேர் வாங்கிய டாடா ஏஸ் என்று பூவைச் சுமக்கும் வண்டிகள் மாறிக்கொண்டே வந்தன. நிலக்கோட்டைப் பூவையும் உள்ளடக்கிய மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுமந்த வண்டிக்கு எந்தக் குறியீடும் இல்லை.

இல்லை என்பதோடு நிற்கவுமில்லை. 2021ல் ஒரே வருஷத்தில் மத்திய அரசிடமிருந்து இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச்சில் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, பதினைந்து வருஷம் தாண்டிய கனரக வண்டியின் எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஜூலையில் வந்தது 'விண்டேஜ்' வண்டி விதி. ஐம்பது வருஷம் தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் இருந்தால் இருபதாயிரம் ரூபாய் கட்டித் தனிப் பதிவெண் வாங்கலாம். ஆனால் இந்த விதி இருசக்கர வண்டிக்கும் பயணிகள் காருக்கும்தான். வணிகத்துக்கு ஓட்டவும் கூடாது. சரக்கு வண்டி அந்த வரையறைக்குள்ளேயே வரவில்லை. ஜமீன் வீட்டுப் பிளசர் காருக்கு வயசானால் பாரம்பரியம். வெங்காயம் ஏற்றிய லாரிக்கு வயசானால் காயலான் கடை. ஒரே இரும்பு, ஒரே முதுமை. மேலே உட்கார்ந்திருந்தது ஆளா, மூட்டையா என்பதில்தான் பேதம்.

பழைய லாரியின் புகையையும் பிரேக்கையும் இங்கே யாரும் சிலாகிக்கவில்லை. அந்தப் புகையை முதலில் குடித்தவர் டிரைவரும் கிளீனரும்தான். தகுதியற்ற வண்டி ரோட்டைவிட்டுப் போகட்டும். வரலாறும் கூடவே எடைக்குப் போக வேண்டுமா என்பதே கேள்வி. விண்டேஜ் விதிக்குள் சரக்கு வண்டிக்கும் இடம் கேட்பது நியாயமான கோரிக்கை. கேட்கும்போது 'பெரிய மாற்றமில்லாமல்' என்ற நிபந்தனையையும் எதிர்க்க வேண்டியிருக்கும். மாறியதுதான் நம் லாரியின் சரித்திரம். அமெரிக்க வண்டி ஒரே பூச்சின் தேய்மானத்தைக் காட்டுகிறது. நம் வண்டியோ பூச்சின்மேல் பூச்சாக, ஒவ்வொரு எஃப்.சி.யையும், ஒவ்வொரு முதலாளி மாற்றத்தையும், பெயிண்டர் எழுதி அழித்த குலதெய்வப் பெயரையும் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறது. காயலான் கடைத் தராசில் ஏற்றுமுன் ஒரு கதவையாவது சுரண்டி, அந்த அடுக்குகளை எண்ணி எழுதி வைக்கலாம்.